மருந்தியல் படிக்க எனக்கிருந்த தகுதிகள்

மருந்தியலில் மாஸ்டர்ஸ் படிக்கப்போகிறேன் என்று நான் அறிவித்த நாளில், அதற்கு என்னென்ன தகுதிகள் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

மைத்துனர் எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்துக் குடிபுகுந்த அன்று, மதியச் சாப்பாட்டில் அது நடந்தது. என் பக்கத்தில் அவருடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். முட்டிவலி என்றார். வலிக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்கு அது போதும். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் போய் என்ன செய்கின்றன, அதனால் ரத்த அழுத்த மாத்திரையின் வேலை எப்படிக் கெடுகிறது என்று ரசம் ஊற்றும்போது தொடங்கி மோர் வரைக்கும் விளக்கினேன். டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“தம்பி எந்த ஆஸ்பித்திரில இருக்கீங்க?”

ஆஸ்பத்திரி இல்லை, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை என்றேன். ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மெல்லிய குழாய்களை அங்கே செய்கிறோம். அந்தக் குழாய்களோடு போகும் தாள்களில் கையெழுத்தும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு இலைப்பக்கம் திரும்பிப் பாயசத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்.

நாற்பத்து மூன்று வயதில் பாயசத்திடம் தோற்பது எனக்குப் பிடிக்கவில்லை. “அடுத்த வருஷம் மாஸ்டர்ஸ் பண்றேன் ஐயா. ஃபார்மகாலஜி” என்றேன், நாலு இலை தாண்டிக் கேட்கிற குரலில்.

எதிர் வரிசையில் இருந்த என் மனைவியின் கை அப்பளத்தோடு நின்றுவிட்டது. அவளுக்கும் அது புதுச் செய்தி. சொன்ன எனக்கே அது புதுச் செய்திதான்.

பாயான் பாருவில் எங்கள் வீட்டை நோக்கிக் காரில் திரும்பும்போது பாதி வழியில் அவள் ரேடியோவை அணைத்தாள். பிறகு, எப்போது முடிவு செய்தேன் என்று கேட்டாள். ரொம்ப நாளாக மனதில் இருந்தது என்றேன். ரொம்ப நாள் என்றால் ரசத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாள். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நாற்பது பேரை மேய்க்கும் மேற்பார்வையாளர் அவள். பொய்க்காரணம் சொல்லி லீவு கேட்பவர்களை நாள்தோறும் பார்த்துப் பழகியவளிடம் எதை ஒளிப்பது?

ஆனாலும் ரொம்ப நாளாக மனதில் இருந்தது என்பதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இருபது வருடங்களுக்கு முன்பு உயிரியலில் பட்டம் படித்தபோது ஒரு பருவம் மருந்தியல் ஒரு பாடமாக வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு விலங்கின் குடலிலிருந்து சுண்டுவிரல் அளவுத் துண்டை வெட்டி, இரண்டு முனையிலும் நூல் கட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அடியில் ஆக்ஸிஜன் குமிழிகளை விடுவார்கள். விலங்கு இல்லை, வயிறு இல்லை, அந்தத் துண்டு மட்டும் தன்பாட்டுக்குச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். ஒரு சொட்டு மருந்தை விட்டால் சட்டென்று இறுகும். இன்னொரு மருந்தை விட்டால் தளரும். அந்த அசைவை ஒரு பேனா தாளில் மலை மலையாக வரைந்துகொண்டே போகும். நான் படித்த நாலு வருடத்தில் வாய்மூடி நின்று பார்த்தது அந்தத் தாளை மட்டும்தான். பிறகு வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று போய், தாளில் தேதி பார்க்கிறவன் ஆகிவிட்டேன்.

மறுநாள் பல்கலைக்கழக இணையப் பக்கத்தைத் திறந்து படித்தேன். பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வேண்டும். சராசரிப் புள்ளி நாலுக்கு இரண்டு புள்ளி ஏழு ஐந்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் நேர்முகத்துக்கு வரவேண்டும். ஆங்கிலத் தேர்வு வேண்டும். என் படிப்பையும் வேலையையும் அறிந்த இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை எழுதித் தரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவனை நான் வழிநடத்துகிறேன் என்று அங்கே பணிபுரியும் ஒரு விரிவுரையாளர் சம்மதிக்க வேண்டும்.

மதிப்பெண் பட்டியலைத் தேடியெடுத்தவள் மனைவி. அதுதான் முதல் விபத்து. கல்யாணப் பேச்சு நடந்த நாளிலிருந்து என் சராசரிப் புள்ளி மூன்றுக்கு மேல் என்றுதான் அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ரெண்டு புள்ளி ஆறு ஒம்பது.”

“ம்.”

“மூணுக்கு மேலன்னு சொன்னீங்க.”

“மூணுகிட்டன்னு சொல்லியிருப்பேன்.”

“எங்கப்பா சாகுற வரைக்கும் மூணு புள்ளி ரெண்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாரு” என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. பட்டியலில் ஒரே ஒரு ஏ கிரேடு இருந்தது. மருந்தியல் ஆய்வுக்கூடப் பாடத்தில். அதை அவளிடம் விரல் வைத்துக் காட்டினேன். அந்த ஏ எனக்கு எப்படி வந்தது என்று அப்போது சொல்லவில்லை.

ஆங்கிலத் தேர்வுக்குப் போன இடத்தில் நான் அறைக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று காலை வணக்கம் சொன்னார்கள். தேர்வு நடத்த வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். நானும் அநியாயமாக, பரவாயில்லை உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, பிறகு அவர்கள் நடுவில் போய் என் எண் ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பேச்சுத் தேர்வில் நாலு பேர் சேர்ந்து பொதுப் போக்குவரத்தைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும். தினமும் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். பேச விஷயமா இல்லை? பேசிக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்த பெண், மற்ற மூவருக்கும் வாய்ப்புக் கிடைக்குமா என்று மிக நல்ல ஆங்கிலத்தில் கேட்டாள். பல்கலைக்கழகம் கேட்ட அளவுக்குச் சரியாகத் தேறினேன், ஒரு முடி அளவுகூட மேலே இல்லை.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றைத் தொழிற்சாலை மேலாளர் எழுதினார். நான் தினமும் மற்றவர்களின் தாள்களைக் குறைகண்டு திருப்பி அனுப்புகிறவன் என்பதால், அவர் எழுதியதிலும் தேதி விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பெரிதாக ரசிக்கவில்லை.

இன்னொரு கடிதத்துக்கு, எங்களுக்கு மருந்தியல் எடுத்த சாரைத் தேடிப்பிடித்தேன். ஓய்வுபெற்று தஞ்சோங் பூங்காவில் மகள் வீட்டில் இருந்தார். தொலைபேசியில் என் பெயரையும் படித்த வருடத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் குரல் மலர்ந்துவிட்டது. குடல் துண்டில் நூல் கட்டுவதில் அந்த வகுப்பிலேயே கைதேர்ந்தது நீங்கள்தானே, ஆறு துண்டு கட்டி ஆறும் வேலை செய்ததே, அப்படி நடுங்காத கையை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்தக் கை என்னுடையது இல்லை. என்னோடு ஒரே மேசையில் இருந்த ஒரு பெண்ணுடையது. அவள் நூல் கட்டுவாள், கரைசல் கலக்குவாள், சுத்தம் செய்வாள். நான் பேனா வரைகிற இயந்திரத்தை முடுக்கிவிட்டு, தாளின் மேலே எங்கள் பெயர்களை எழுதுவேன். என் பெயரை முதலில் எழுதுவேன்; சாரின் நினைவில் தங்கியதும் அந்தப் பெயர்தான். பட்டியலிலுள்ள ஏ இந்த வழியாக வந்ததுதான்.

சார் பேசிக்கொண்டிருந்தபோது, இல்லை சார், அது நான் இல்லை என்று சொல்ல எனக்கு மூன்று நாலு இடம் கிடைத்தது. ஒவ்வொரு இடத்திலும் “ஆமாங்க சார்” என்றேன். கடிதத்தை நேராகப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லி வாழ்த்தினார்.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அது நானில்லை என்று சொன்னேனா என்று கேட்டாள். வயசானவர், சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், எப்படி நடுவில் தடுப்பது என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

மீதியிருந்தது வழிகாட்டி. நாற்பது பக்கத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் எழுதியிருந்தேன். நீரிழிவு, இதயம், மறதிநோய் மூன்றையும் அதில் ஒருவழியாகத் தீர்த்துவைத்திருந்தேன். பல்கலைக்கழகப் பக்கத்தில் விரிவுரையாளர்களின் பட்டியலைப் பார்த்து இருவருக்கு அனுப்பினேன். ஒருவர் தமக்கு ஏற்கனவே மாணவர்கள் நிறைய என்று எழுதினார். மற்றவர் எழுதவேயில்லை. பட்டியலில் இன்னும் கீழே போனபோது ஒரு படத்தில் என் கை நின்றது. கண்ணாடி போட்டிருந்தாள், முன்நெற்றியில் கொஞ்சம் நரை. ஆனால் அதே முகம். என் மேசைக்காரி. இணைப் பேராசிரியர். அவளுடைய ஆராய்ச்சித் துறை, குடல் தசையில் மருந்துகளின் வேலை.

மருந்தியலில் வேறு யாரும் மிச்சமில்லை. இருபது வருடத்துக்கு முன் ஒன்றாகப் படித்தோம், நினைவிருக்கும் என்று நம்புகிறேன் என்று மின்னஞ்சல் எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதும்போதே, நினைவிருக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. உங்கள் புள்ளி குறைவாக இருப்பதால் நேர்முகம் உண்டு, குழுவில் நானும் இருப்பேன், வாருங்கள். அவ்வளவுதான். நினைவிருக்கிறதா இல்லையா என்று அதை எத்தனை தடவை படித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நேர்முகத்துக்குக் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் போட முடியவில்லை; போடாமல் விடுவதுதான் இப்போது வழக்கம் என்று சொல்லிக்கொண்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவராக ஒரு மலாய்க்காரப் பேராசிரியர், ஓரத்தில் ஒரு சீன விரிவுரையாளர், நடுவில் அவள். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். வேறு எதுவும் அந்த முகத்தில் இல்லை.

தலைவர் என் தாள்களைப் புரட்டினார். புள்ளி போதாது, ஆனால் மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் ஏ இருக்கிறது என்றார். ஓய்வுபெற்ற சாரின் கடிதம் மிகவும் உயர்வாக இருக்கிறது என்று சொல்லி அதிலிருந்து இரண்டு வரியை ஆங்கிலத்தில் வாசித்தார். நடுங்காத கை, ஆறுக்கு ஆறு, எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை அவர் அவளிடம் நகர்த்தினார். அவள் முழுவதையும் படித்தாள். நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு மேசைமேல் வைத்து என்னைப் பார்த்தாள்.

குடல் துண்டைத் தயார் செய்வது எப்படி என்று எங்களுக்கு விளக்குங்கள் என்றார் தலைவர்.

அது எனக்குத் தெரியும். ஒரு வாரமாகப் படித்திருந்தேன். கரைசலில் என்னென்ன உப்பு, எவ்வளவு சூடு என்று சரளமாகத் தொடங்கினேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. அதில் கோபம் இல்லை. இவன் எவ்வளவு தூரம் போவான் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. ஆராய்ச்சிக்காரியின் பார்வை. நூல் கட்டுகிற இடம் வந்ததும் எனக்கு வாய் ஓடவில்லை.

நூலை நான் கட்டியதில்லை என்றேன். சார் நினைத்துக்கொண்டிருப்பது வேறொருவரை. அவர் தவறாக நினைக்கிறார் என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. அந்தக் கை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றேன். என் ஆங்கிலம் அந்த இடத்தில் எந்தத் தேர்விலும் தேறியிருக்காது.

தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள். சீன விரிவுரையாளர் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். வெளியே காத்திருங்கள் என்றார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில், மைத்துனரின் மாமனாரிடம் என்ன சொல்வது என்று மூன்று கதைகள் தயார்செய்தேன். அப்போதும் புத்தி அப்படித்தான் ஓடியது. கதவு திறந்து அவள் மட்டும் வந்தாள். எழுந்து நின்றேன். பேராசிரியர் என்று கூப்பிடுவதா, பெயரைச் சொல்வதா என்று தெரியாமல் “வணக்கங்க” என்றேன்.

“நீ சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன். அந்த ரூமுலயே” என்றாள். ஒன்றாகப் படித்த காலத்தில் வராத ‘நீ’ ஒன்று அதில் இருந்தது, அதிகாரத்தோடு.

“தெரியும்ங்க.”

“ரிப்போர்ட்ல உம் பேரு மொதல்ல இருக்கும். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கு அந்தப் பேப்பர்ல பி ப்ளஸ். என்கிட்ட கேள்வி கேட்டாங்க, எனக்குப் பேச வரல. உனக்குப் பேச வந்துச்சு.”

இதை நான் அறிந்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கிரேடு கிடைத்திருக்கும் என்று இருபது வருடமாக நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நினைக்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாரிடம் நானே பேசி அந்தக் கடிதத்தை மாற்றி வாங்க வேண்டும், நாற்பது பக்கத் திட்டத்தை நாலு பக்கமாக்க வேண்டும், மறதிநோயை விட்டுவிட வேண்டும் என்றாள். அப்புறம், “என் லேப்ல பேசறதுக்கு மார்க் கெடையாதுலா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாருக்குத் தொலைபேசி செய்ய எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் அவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், காலை பதினோரு மணிக்கு. மூன்றாம் நாள் மனைவி எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு சார் மெதுவாக, “அப்ப நீங்க யாரு தம்பி?” என்று கேட்டார்.

தாளில் பெயர் எழுதுகிறவன் என்றேன். பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருப்பேன் சார், தடிமனாக ஒரு கண்ணாடி போட்டிருப்பேன்.

“ஓ” என்றார். அந்த ஓவில் அவருக்கு என்னை நன்றாகவே நினைவு வந்துவிட்டது தெரிந்தது.

புதுக் கடிதத்தின் பிரதியை எனக்கும் அனுப்பிவைத்தார். முதல் கடிதம் ஒரு பக்கம். இது மூன்று வரி. இந்த விண்ணப்பதாரரைப் பற்றி முன்பு நான் எழுதியது வேறொரு மாணவியைப் பற்றியது. தமக்குச் சாதகமாக இருந்த அந்தப் பிழையை இவரே தொலைபேசியில் சொல்லித் திருத்தினார். சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மனைவி அதை இரண்டு முறை படித்தாள். நல்ல கடிதம் என்றாள். மூன்று நாள் தாமதத்தை அவர் எழுதவில்லை என்றும் சொன்னாள்.

பகுதிநேர மாணவனாக, ஓராண்டு பார்த்துவிட்டுத் தொடர்வது என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகுதான் மற்ற தகுதிகள் வரிசையாக வந்தன. புள்ளியியல் பாடம் ஒன்று. எண்களோடுதான் வேலை பார்க்கிறேன் என்று தைரியமாகப் போனேன். தேதியைச் சரிபார்ப்பது புள்ளியியல் இல்லை என்று முதல் வகுப்பிலேயே தெரிந்தது. விலங்கு ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி ஒன்று. அதற்கான போராங், அதாவது படிவம், பதினான்கு பக்கம். ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனது என்று திருப்பி அனுப்பினார்கள். அதைத் தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு விலங்குகளைக் கையாளும் பயிற்சி. எலி என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்குள் ஓடுகிற எலியை நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக, சுத்தமாக, என் கையைவிடப் பெரிதாக இருந்தது. பயிற்சி கொடுத்தவர் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அக்கா ஒருவர். எலி பயப்படுவது நீ பயப்படுவதால்தான், முதலில் நீ மூச்சு விடு என்று மலாயில் சொன்னார். விட்டேன். எலி என் சட்டைக் கையில் மூத்திரம் போனது. அன்று எனக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை. அடுத்த மாதம் திரும்பப் போனேன். அந்த முறை எலி என் உள்ளங்கையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. அதன் இதயம் படபடவென்று அடிப்பது விரலில் தெரிந்தது. இனி வேடிக்கை இல்லை என்று அந்த நிமிடத்தில் எனக்குப் பட்டது. இந்த உயிரைச் செலவழித்து நான் ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்றால், அதில் பிழைவிட எனக்கு உரிமை கொஞ்சம்தான். அன்றைக்கு வீட்டில் நான் அதிகம் பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மேசைக்காரிதான் என் வழிகாட்டி, இனி எனக்குப் பேராசிரியர்; அவள் கொடுத்த தலைப்பு ஓமம். வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் கொடுக்கிறோமே, அந்த எண்ணெய் உண்மையிலேயே குடல் தசையைத் தளர்த்துகிறதா, தளர்த்தினால் எந்த வழியாக என்று பார்க்க வேண்டும். மறதிநோயைத் தீர்க்கப் புறப்பட்டவனுக்கு ஓமம். முதலில் மனசு ஒப்பவில்லை. நாலு மாதத்தில், ஓமத்துக்கே நான் தகுதியா என்ற கேள்வி வந்துவிட்டது.

சனிக்கிழமைகளிலும், காலை ஷிப்ட் முடிந்த இரண்டு பிற்பகல்களிலும் ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். முதல் துண்டு நூல் கட்டும்போதே கிழிந்தது. இரண்டாவதில் முடிச்சைச் சுற்றிலும் இறுக்கிக் குடலின் வாயை அடைத்துவிட்டேன். மூன்றாவதைக் கச்சிதமாகத் தொங்கவிட்டு, கரைசலில் குளுக்கோஸ் போட மறந்துபோனேன். கொஞ்ச நேரம் அசைந்துவிட்டுப் பட்டினியில் அடங்கியது. ஒவ்வொரு தடவையும் அக்கா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைப்பார். பேராசிரியர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, எழுதிவை என்பாள். கிழிந்ததையும் எழுதணுமா என்று கேட்டேன். கிழிந்ததைத்தான் முதலில் எழுதணும் என்றாள்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல், நீங்கள் ஒரு துண்டு கட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். வளைந்த ஊசியைக் குடலின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் செலுத்தி, முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்க்காமலேயே தொங்கவிட்டாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அந்தக் காலத்தில் தினமும் பக்கத்தில் நின்றும் இதை நான் பார்க்கவேயில்லை. கை நடுங்காமல் இருப்பது பிறவிக்குணம் இல்லை என்றாள். ஹாஸ்டல் அறையில் பாசார்மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மக்ரோனியில் நூல் கட்டிப் பழகினாளாம், அதை வேகவைத்து. அன்றைக்கே ஒரு பொட்டலம் மக்ரோனி வாங்கிப் போனேன். இரண்டு வாரம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டியதையெல்லாம் மனைவி சூப்பில் போட்டுவிட்டாள். நூலை எடுத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

எட்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு துண்டு கிழியாமல் நின்று அசைந்தது. திரையில் மலை மலையாகக் கோடு ஏறி இறங்கியது. இப்போது பேனா இல்லை, கணினிதான் வரைகிறது. சுருக்குகிற மருந்தை விட்டேன், கோடு எகிறி மேலே நின்றது. ஓம எண்ணெயை விட்டேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கோடு மெல்லச் சரிந்து, சரிந்து, அடிக்கு வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா பேராசிரியரைக் கூப்பிட்டார். அவள் நின்றுகொண்டே முழுவதையும் பார்த்தாள். என் தொண்டையில் ஒரு பெரிய பேச்சு தயாராக இருந்தது, ஓமத்தின் எதிர்காலம் பற்றி.

“நல்லா வந்திருக்கு” என்றாள். “இன்னும் அஞ்சு தடவ செய்.”

செய்தேன். ஐந்தில் இரண்டு வந்தது, மூன்று வரவில்லை. முதலில் வந்ததோடு சேர்த்து ஆறுக்கு மூன்று. எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கலக்காமல் மேலே மிதந்ததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஒழுங்காக வரத் தொடங்கியது. இப்போது மூன்றாவது ஆண்டு நடக்கிறது. ஆய்வேட்டில் நாலு அத்தியாயம் எழுதியாகிவிட்டது. வராத அந்த மூன்றையும், ஏன் வரவில்லை என்பதையும் ஓர் அத்தியாயத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதில் பதினோராவது பக்கத்தில் இருக்கிறேன். இந்த அத்தியாயம்தான் கொஞ்சம் நன்றாக வந்திருக்கிறது என்று போன வாரம் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள். அடுத்த வரியில், நீளம், பாதியாக்கு என்று இருந்தது.